எந்த ஊர் நல்ல ஊர்?

(மாரமங்கலத்தில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபது கொண்டைஊசி வளைவுகளையும் தாண்டி, ஏற்காட்டில் இறங்கி டீ குடித்துவிட்டு, மறுபடியும் வண்டி ஏறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வழியில் இரண்டு பேருக்கு வாந்தி என்று கேள்விப்பட்டேன். அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "பொறியாளரும் சமுதாயமும்". நான் அவரிடம், "சார், அதைப் பற்றிப் பேச என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது நாலு ஊர்ச் சாப்பாடும், அந்த ஊர்களில் ராத்திரி பதினொரு மணிக்கு என்ன நடக்கும் என்பதும்தான்" என்றேன். "அதையே பேசுங்க, ஜனங்க தூங்காம இருப்பாங்க" என்றார். ஆக, இந்த உரைக்கு அவரும் பொறுப்பு.

இதைப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஊருக்கு வந்திருந்தபோது, நம் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். இந்த மலைக்காரன். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. "அண்ணா, அந்த ஊர்ல எப்படிங்ணா சாப்புடறது? ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா எங்கிங்ணா போறது?" என்று கேட்டான். நான் சிரித்தேன். "எல்லா ஊரும் ஒண்ணுதான்டா, போய்ப் பார், பழகிடும்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டேன். அவன் போகவில்லை. வேலைக்கு வரச் சொன்ன தேதி கடந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போகாதது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி, எனக்குப் பதிலும் தெரியும். சொல்லத்தான் சோம்பல். இன்றைக்குச் சொல்கிறேன்.

எல்லா ஊரும் ஒன்று இல்லை.

சேலத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மாரமங்கலத்துப் பையனுக்கு முதல் பட்டணம் சேலம்தான். இந்த மலையில் இரவு என்பது கடைசி பஸ் போவதோடு முடிகிறது. அதற்குப் பிறகு நடமாடுவது காட்டெருமை மட்டும். பதினேழு வயது வரை சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்று வளர்ந்தவனை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டால், அவன் முதலில் மலைத்து நிற்பது கட்டடங்களைப் பார்த்து அல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு தெருவே நின்றுகொண்டு தின்கிறதே, அதைப் பார்த்துத்தான். தட்டுவடை செட்டை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். இரண்டு தட்டைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. கையில் வைத்தால் நொறுங்கும், வாயில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். சேலத்துக்காரன் போட்டால்தான் அது செட், மற்றதெல்லாம் வெறும் தட்டை.

சேலத்துக்குக் கலை கிடையாது, இரும்பாலையும் மாம்பழமும்தான் உண்டு என்று நம்மவர்களே சொல்வார்கள். இன்று காலை மலையேறும் முன் ஏற்காடு ரோட்டில் ஒரு பழைய நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். அது மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் 1935-இல் ஆரம்பித்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அந்த நிறுவனம் எடுத்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்ததும் அங்கிருந்துதான். இன்று வளைவு மட்டும் நிற்கிறது. அது போனால் போகட்டும், ஆடி மாதம் குகை மாரியம்மன் பண்டிகையில் வண்டி வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? சாமி வேஷம் கட்டியவர்களை அலங்கார வண்டிகளில் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். டிக்கெட் இல்லை, பாஸ் இல்லை. நான் ஹாஸ்டல் சுவரேறிக் குதித்து அதைப் பார்த்தவன். அப்போதைய வார்டன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். மன்னிக்கவும் சார்.

2010-இல் படிப்பை முடித்து சென்னைக்குப் போனேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், அறைக்கு மூன்று பேர். சென்னையில் தனி ஆள் என்ன சாப்பிடுவான், எங்கே சாப்பிடுவான் என்பதற்குத் திருவல்லிக்கேணி நீண்ட காலமாகவே பதில் வைத்திருக்கிறது. மேன்ஷன் இருக்கும் தெருவிலேயே மெஸ் இருக்கும். மாதக் கணக்கு உண்டு. மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றால் மெஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போடுவார். அந்த முகம் திருப்பல் ஒரு பெரிய மரியாதை. சம்பளம் வந்த அன்று ரத்னா கபேயில் சாம்பார் இட்லி. 1948-லிருந்து இருக்கும் ஓட்டல். இட்லியை சாம்பாரில் மூழ்கடித்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் சாம்பார் ஊற்ற ஒரு ஆள் வருவார்.

இரண்டு வருஷம் கழித்து நான் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். 2013-இல் ஐந்து மாதம் வேலை இல்லை. ஊருக்குப் போனால் அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். அந்தக் கேட்காமல் இருப்பதுதான் தாங்காது என்று சென்னையிலேயே இருந்துவிட்டேன். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அம்மா உணவகங்கள் ஆரம்பித்தார்கள். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். கட்சி, அரசியல் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்கிறேன்: காலையில் நாலு இட்லி, மதியம் ஒரு சாம்பார் சாதம், ஆக 9 ரூபாயில் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒரு நாளை ஓட்ட முடிந்தது. வரிசையில் எனக்கு முன்னால் சுமை தூக்குபவர், பின்னால் ஐ.டி. கார்டை சட்டைப் பைக்குள் தள்ளிவிட்ட ஒரு பையன். யாரும் யாரையும் பார்க்க மாட்டோம்.

சாப்பிட்ட பிறகு நாள் முழுக்க எங்கே உட்காருவது? கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது. நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே அங்கு ஒரு தனிப் பகுதி உண்டு. குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை, குடிநீர். அடுத்த வேலைக்கான நேர்முகத் தேர்வுகளுக்கெல்லாம் அங்கேதான் படித்தேன். கலாச்சாரம் என்றால் என்ன என்று பெரியவர்கள் ஏதேதோ சொல்வார்கள். வேலை இல்லாதவனை "எதுக்கு வந்தே?" என்று கேட்காமல் உட்காரவிடும் இடம் ஒரு ஊரில் இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

சென்னையின் மார்கழி சங்கீத சீசனைச் சொல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. சபாக்களில் காலையிலும் மதியத்திலும் இளைய கலைஞர்கள் பாடும் பல கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. நான் முதலில் போனது பாட்டுக்காக அல்ல, கேண்டீன் போண்டாவுக்காக. உள்ளே போக ரொம்ப நேரம் தயங்கினேன். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது, என்னைத்தான் யாருக்கும் தெரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது, இருந்தாலும் அது எனக்காகத் திறந்த கதவு மாதிரித் தோன்றவில்லை. பிற்பாடு 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்பிலேயே கச்சேரியும் பறையும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் வைத்தார்கள். 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவை மேடை ஏற்றியது. சென்னை கொஞ்சம் தாமதமாகத்தான் திறக்கும். திறந்தால் நன்றாகத் திறக்கும்.

இரவு? சென்னையின் இரவு சுமார்தான். பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் எட்டு ஒன்பது மணிக்குச் சூடு பிடிக்கும். கோயம்பேடு மார்க்கெட் நள்ளிரவில் விழித்துக்கொள்ளும், ஆனால் அது லாரிக்காரர்களின் இரவு. மற்ற இடங்களில் பதினொரு மணி அடித்தால் ஜீப்பில் வந்து விசில் ஊதுவார்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-இல் அரசு ஆணை வந்தது. கவனியுங்கள், பத்துப் பேர். ஷிப்ட் முடிந்து வருபவன் தேடும் புரோட்டாக் கடையில் மாஸ்டரையும் சேர்த்து நாலு பேர்.

அப்புறம் மதுரை. மதுரைக்காரர்கள் கைதட்டலாம், இப்போதே தட்டிவிடுங்கள், பிறகு ஒரு குறையும் சொல்லப் போகிறேன்.

ஊருக்கு வெளியே ரப்பர் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஊருக்குள் வரும்போது மணி பன்னிரண்டு. முதல் நாள் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு போனேன். பார்த்தால் இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கிறது! ஆவி பறக்கும் இட்லி, நாலு வகைச் சட்னி, நடுராத்திரியில். பக்கத்தில் கறிதோசைக் கல். அதற்குப் பக்கத்தில் முட்டைக் கலக்கி. எதிரே தள்ளுவண்டியில் சுக்கும் கருப்பட்டியும் மணக்கப் பருத்திப்பால். பகலில் ஜிகர்தண்டா. அதில் பாதாம் பிசினும் நன்னாரியும் பாலும் சேர்வதை விளக்கிச் சொல்லிப் பயனில்லை, குடிக்க வேண்டும்.

ஏன் இந்த ஊர் மட்டும் தூங்குவதில்லை என்று யோசித்திருக்கிறேன். தென் மாவட்ட பஸ்களெல்லாம் ராத்திரியில் மதுரையில்தான் மாறுகின்றன. பூவும் காய்கறியும் விடியுமுன் வந்து இறங்குகின்றன. மில் ஊர் என்பதால் பல தலைமுறைகளாக மூன்று ஷிப்ட் ஜனங்களுக்குச் சோறு போட்டுப் பழக்கம். ஆக, ராத்திரியில் பசியோடு வருபவன் அங்கே அதிசயப் பிறவி அல்ல, வாடிக்கைக்காரன். இது நேற்றைய பழக்கமும் இல்லை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடைத்தெருவையும் இரவுக் கடைத்தெருவையும் தனித்தனியாகச் சொல்கிறது. பிறகு ஜாமம் ஜாமமாக அந்த ஊரின் இரவை வருணித்துக்கொண்டு போகிறது.

மதுரையில் கலை என்பதும் இரவோடு சேர்ந்தது. மீனாட்சி கோயிலில் பள்ளியறை பூஜைக்குச் சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டு வருவார்கள். வேலையில்லாத நாளில் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே மாசி வீதியில் நடந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை இரவு தல்லாகுளத்தில் நின்றால், நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் வைகையில் விட்டுவிடும். விடியற்காலை அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்கத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், என்ன ஆள் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் பீய்ச்சினால் எல்லோர் மேலும்தான் படும்.

இனி அந்தக் குறை. எங்கள் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் ஒரு பெண் வேலை பார்த்தார். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் ஒரு நாள் கேண்டீனில் இந்த நடுராத்திரி இட்லிப் புராணத்தை அளந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டுவிட்டு, "சார், அந்தக் கடையில சூடா சாப்பிட்டா எப்படி இருக்கும்? எங்க அண்ணன் வாங்கிட்டு வர்ற பார்சல்தான் எனக்குத் தெரியும்" என்றார். சொல்ல வந்தது தொண்டையில் நின்றுவிட்டது. தூங்கா நகரம் தூங்காததெல்லாம் பாதிப் பேருக்குத்தான். இங்கே இருக்கும் மாணவிகள் என் பட்டியலை அந்தக் கழிவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோயம்புத்தூரில் மூன்று மாதம் புராஜெக்டுக்காக இருந்தேன். சிறுவாணித் தண்ணீர், அரிசிம்பருப்புச் சாதம், ஒன்பதரைக்குத் தூக்கம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2016-லிருந்து பெங்களூர். காலைப் பலகாரத்துக்கு இந்தியாவிலேயே அந்த ஊர்தான் என்பது என் துணிந்த கருத்து. 1924-லிருந்து எம்.டி.ஆர்., 1943-லிருந்து காந்தி பஜார் வித்யார்த்தி பவன் என்று பெரிய பெயர்கள் உண்டு. ஆனால் தினசரிச் சாப்பாடு என்றால் தர்ஷினிதான். காசு கட்டி, டோக்கன் வாங்கி, நின்றுகொண்டே தின்று, ஐந்து நிமிடத்தில் வெளியே. முதலாளியும் டிரைவரும் ஒரே மேஜையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே "பை டூ" என்று ஒன்று உண்டு, ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தருவது. காபித் தோட்டத்து ஊரில் பிறந்தவன் நான். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காபிச் செடி வைத்ததிலிருந்து எங்கள் ஜனங்கள் காபிப் பழம் பறிக்கிறார்கள். காபியைப் பாதியாகப் பங்கிட்டுக் குடிக்கலாம் என்று எனக்குப் பெங்களூர்தான் கற்றுக்கொடுத்தது. 2017-இல் அங்கே இந்திரா கேண்டீன் வந்தது. சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். நான் ஒரு நாள் போய் வரிசையில் நின்றேன். தேவை இல்லை, சும்மாதான் நின்றேன்.

இரவு வாழ்க்கை என்றால் பெங்களூர் என்று எல்லோரும் சொல்வார்கள். மதுக்கூடங்கள் ஒரு மணி வரை உண்டு, உண்மைதான். பெண்கள் கூட்டமாக வந்து சிரித்துப் பேசிப் போகிறார்கள், அதுவும் உண்மை. மதுரையில் காணாதது அது. ஆனால் உள்ளே போகக் காசு வேண்டும், வீடு திரும்ப வண்டி வேண்டும். காசில்லாமல் பார்க்கக்கூடிய பெங்களூர் இரவு கரகம். தர்மராயசாமி கோயிலிலிருந்து நடுராத்திரியில் கிளம்பும். திகளர் சமூகத்தார் எடுப்பது. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் வழிபாட்டின் சாயல் அப்படியே தெரியும். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போகும். 2024-இல் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கியதும் பெங்களூரில் கரகம் புறப்பட்டதும் ஒரே பௌர்ணமி, ஏப்ரல் 23.

அந்த ஊரின் இன்னொரு இரவையும் சொல்ல வேண்டும். 2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரம். தமிழ்நாட்டு பஸ்களை எரித்தார்கள். நகரத்தின் சில பகுதிகளில் ஊரடங்கு. என் பைக்கில் சேலத்து நம்பர். வீட்டுக்கார அஜ்ஜி, எழுபது வயது இருக்கும், நான் கேட்காமலேயே பைக்கைப் பின்கட்டுக்குத் தள்ளச் சொல்லி, அதன்மேல் பழைய தார்ப்பாயைப் போட்டு, அதன்மேல் துளசித் தொட்டியையும் தூக்கி வைக்கச் சொன்னார். இரவு எட்டு மணிக்கு அன்னமும் சாறும் கொண்டுவந்து வைத்து, கன்னடத்தில், "இன்றைக்கு நீ என் அக்கா பேரன், சத்தமாகப் பேசாதே" என்றார். தெருவில் ஒரு கடை இல்லை, ஒரு விளக்கு இல்லை. மூன்றாம் நாள் அதே தர்ஷினிக்குப் போனேன். டோக்கன் கொடுப்பவர் வழக்கம்போல "பை டூவா?" என்று கேட்டார். தனியாகத்தான் போயிருந்தேன். ஒன்றும் பேசாமல் முழுக் காபியே வாங்கிக்கொண்டேன்.

2019-இல் கம்பெனி அனுப்பியதில் சில மாதம் அமெரிக்கா. அங்கேயும் இதே கணக்குத்தான் போட்டேன். சிகாகோவில் ரெட் லைன், ப்ளூ லைன் ரயில்கள் இரவு முழுக்க ஓடும். ராத்திரி இரண்டு மணிக்கும் துடைப்பமும் வாளியுமாக வேலைக்குப் போகிறவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். டெவன் அவென்யூவில் இறங்கினால் கறிவேப்பிலை கிடைக்கும். ஹூஸ்டனில் அப்படி இல்லை. பியர்லேண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது, மதுரை அம்மன் அங்கேயும் இருக்கிறாள். ஆனால் கார் இல்லாதவன் அவளைப் பார்க்க யாரையாவது கெஞ்ச வேண்டும். நான் இரண்டு வாரம் கெஞ்சினேன்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. ஓர் ஊரின் இரவு எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை ஓட்டல்காரர் தீர்மானிப்பதில்லை, கடைசி வண்டிதான் தீர்மானிக்கிறது. மாரமங்கலத்தானுக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும். இதைத் தெரிந்துகொள்ள நான் சிகாகோ வரை போயிருக்கிறேன்.

தம்பி, நீ இன்றைக்கு வந்திருக்கிறாய் என்று தெரியும், பின்னால் காபி டிரம் பக்கத்தில் நிற்கிறாய். உன்னைப்போல் கேட்க வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் வேலை சென்னை என்றால் போ. கையில் காசில்லாமல் வாழ முடிகிற பெரிய ஊர் அது. தங்குமிடத்தை ஆபீஸ் பக்கத்தில் தேடாதே, மெஸ் பக்கத்திலும் ரயில் நிலையத்துப் பக்கத்திலும் தேடு. ராத்திரி ஷிப்ட் என்றால் மதுரையைவிட நல்ல ஊர் இல்லை. தங்கச்சிகளுக்கு இப்போதைக்குப் பெங்களூர் என்பேன், வாடகையைக் கேட்டு மயங்கி விழாவிட்டால். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரத்தில் மூன்று விசாரித்துக்கொள்: கடன் சொல்ல முடிகிற ஒரு மெஸ், காசு கேட்காமல் உட்காரவிடும் ஓர் இடம், கடைசி வண்டி நேரம். வேறு ஏதாவது வேண்டுமென்றால் எனக்குப் போன் பண்ணு. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்.

மதியச் சாப்பாடு எங்கள் வீட்டுப் பெண்கள் செய்தது. சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. வேண்டாம் என்பவர்களுக்கு வெள்ளைச் சோறும் உண்டு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பனி இறங்குவதற்குள் வளைவுகளைத் தாண்டிவிட வேண்டும் என்று டிரைவர் சொல்கிறார், நாலு மணிக்கு வண்டி எடுத்துவிடுவார். வாந்தி எடுத்த இருவரும் முன் சீட்டில் உட்காரவும்.